மாமியார் செடிக்குச் சுண்ணாம்பு அடித்தவன்

சும்மா இருக்கத் தெரியாததை ஒரு வியாதி என்று எந்த டாக்டரும் இதுவரை சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் நாற்பத்தாறு வயதிலும் நான் வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறேன். இட்லி வேகும்போது நாலு தடவை மூடியைத் திறந்து பார்ப்பவன் நான். ஆறிவரும் புண்ணின் பொருக்கை உரித்துப் பார்ப்பவன். ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து, ஓடாத கடிகாரமாக மறுபடி சுவரில் மாட்டுபவன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று சொல்வார்களே, அந்த ஆண்டி ஏற்காட்டில் ஒரு கிளை திறந்தால் அதற்கு மேனேஜர் நான்தான்.

என் தொழிலும் இதற்கு ஒத்தாசை. செம்மநத்தம் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். (ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் காட்டில் எத்தனை ஆள், என்ன வேலை என்று எழுதுகிறவன்.) காப்பிச் செடிக்கு நாங்கள் வருஷம் முழுக்க ஏதாவது செய்துகொண்டே இருப்போம். கவாத்து செய்வோம், தண்டில் கிளம்பும் சிம்பைக் கிள்ளுவோம், நிழல் மரத்தைக் கழிப்போம். துளைப்பான் வண்டு முட்டை வைக்காமலிருக்கத் தண்டைத் தேங்காய் நாரால் தேய்த்துச் சுண்ணாம்பு பூசுவோம். மழைக்கு முன்னால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ மருந்து அடிப்போம். உலகத்தில் உள்ள எல்லாச் செடிக்கும் இதுதான் மருந்து என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன்.

பதினான்கு வருஷம் முன்பு எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி ஜெயசீலி கரடியூர்க்காரி, நர்ஸ். அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு முந்தைய வருஷமே தவறிவிட்டார்கள். அம்மா இருந்த வீட்டை அண்ணன்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர் அங்கே லாட்ஜ் கட்டப்போகிறார் என்று ஊரில் பேச்சு. அந்த வீட்டு வாசலில் ஒரு சைக்கஸ் மரம் இருந்தது. பார்ப்பதற்குக் குட்டைப் பனை போல இருக்கும், ஆனால் பனை இல்லை. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஜாதி. வருஷத்துக்கு ஒருமுறை வட்டமாக ஒரு சுற்று இலை விடும், அவ்வளவுதான் அதன் சுறுசுறுப்பு. சீலி பிறந்த வருஷம் அவள் அம்மா நட்ட மரமாம். குருத்தோலை ஞாயிறு வந்தால் அதன் இலைகளை வெட்டித்தான் அவர்கள் தெருவே கோயிலுக்குப் போகுமாம்.

பொக்லைன் வருவதற்கு முந்தின நாள் சீலி ஒரு கடப்பாரையோடு போய், தாய் மரத்தின் அடியிலிருந்து ஒரே ஒரு பக்கக்கன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். பாதி உரித்த தேங்காய் அளவுக்கு, அதே நிறத்தில், அதே சடையோடு இருந்தது. அம்மா வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்தது அது ஒன்றுதான். பாத்திரம் பண்டம் எல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டன.

இருந்த இலைகளையெல்லாம் வெட்டிவிட்டு, வெட்டுவாயில் சாம்பல் தடவி, பத்து நாள் நிழலில் காயப்போட்டாள். (செடியைக் காயப்போடுகிறாளே என்று எனக்கு அப்போதே பதற்றம்.) பிறகு ஒரு மண்தொட்டியின் ஓட்டையை ஓட்டுச்சில்லால் மூடி, ஆற்று மணல், செங்கல் நொறுங்கல், கொஞ்சம் செம்மண் கலந்து நிரப்பி, கன்றைப் பாதி புதைத்து, பாதி வெளியே தெரிய வைத்தாள். குருத்து வரும் தலைப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டுமாம். தண்ணீர் தங்கினால் அழுகிவிடுமாம்.

ஜூன் மாதம் அவளுக்கு மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆறு மாத ட்ரெயினிங் வந்தது. பஸ் ஏறுகிற காலையில் என்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஏனுங்க, வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. மழை பேஞ்சா அதுவும் வேண்டாம். வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க."

"உரம்?"

"வேண்டாமுங்க."

"வேர் விட்டுருச்சான்னு எப்படித் தெரியும்?"

"அதுவே வரும். ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆகும். நீங்க சும்மா இருந்தாப் போதும். எங்கம்மாவுதுன்னு இது ஒண்ணுதான் இருக்குதுங்க."

கடைசி வாக்கியத்தை அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணமாகி நாலே மாதம் ஆன புருஷனிடம் ஒரு பெண் தன் அம்மாவை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அப்படிப்பட்ட பொறுப்பை வாங்கிக்கொண்டு எவனாவது சும்மா இருப்பானா?

முதல் சிக்கல் டம்ளரில் வந்தது. எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும் டம்ளரும் உண்டு, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த, அரைப்படி கொள்ளும் மோர் டம்ளரும் உண்டு. எந்த டம்ளர் என்று அவள் சொல்லவில்லை. மாமியார் சமாச்சாரத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று பெரியதை எடுத்தேன். ஜூலையில் மலை மேல் பத்து நாள் சேர்ந்தாற்போலப் பனிமூட்டம் இறங்கி நிற்கும், துணி காயாது. அந்தக் காலத்திலும் என் மோர் டம்ளர் ஓயவில்லை. வாரம் ஒன்று என்பது வாரம் மூன்றானது.

இரண்டாவது சிக்கல் வேர். மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் என்னால் சாப்பிட முடியவில்லை. ஒரு ஸ்பூனால் மெதுவாக ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். வேர் இல்லை. மூடினேன். மறுநாள் எதிர்ப்பக்கம் தோண்டினேன், அங்கேயும் இல்லை. மூன்றாம் நாள் முழுக் கன்றையும் வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு நட்டேன். வளர்ச்சியை அளப்பதற்காகப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி செருகி வைத்தேன். மாதக் கடைசியில் பார்த்தால் செடி தீக்குச்சியைவிடக் குட்டையாகிவிட்டது. உலகத்தில் கீழ்நோக்கி வளரும் செடி இது ஒன்றுதான் என்று ஆச்சரியப்பட்டேன். நான் தோண்டித் தோண்டி நட்டதில் அது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது என்பதும், வெளியே இருக்க வேண்டிய தலை இப்போது ஈரமண்ணுக்குள் கிடக்கிறது என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்டில் எங்கள் எஸ்டேட் பொன்னுசாமி மேஸ்திரி ஒரு வேலையாக வீட்டுக்கு வந்தார். காப்பியில் அவருக்குத் தெரியாத நோய் கிடையாது. இலையைத் தடவியே வயசு சொல்வார். தொட்டியைச் சுற்றி வந்தார். சைக்கஸின் தண்டில் இயற்கையாகவே பழுப்புச் செதிலும் பஞ்சு போன்ற சுணையும் இருக்கும். அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

"ரைட்டருங்க, இந்தத் தூளைப் பாத்தீங்களா? துளைப்பானுங்க. உள்ள பூந்துருச்சு."

"காப்பிக்குத்தானே அந்தப் புழு வரும்?"

"அதுக்கு ரேஷன் கார்டாங்க இருக்குது, காப்பிக்கு மட்டுந்தான் போவேன்னு சொல்ல?"

மறுக்க முடியாத வாதம். அரை மணி நேரத்தில் என் வாசலில் ஆறு பேர் கூடிவிட்டார்கள். காட்டில் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தவர்கள்தான், ரைட்டர் ஊட்டில் என்னமோ விசேஷம் என்று ஏறி வந்துவிட்டார்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, மேஸ்திரி தேங்காய் நாரால் கன்றைத் தேய்த்தார். சடையெல்லாம் போய் வழுவழுவென்று மொட்டைத் தலையாக வந்தது. நான் சுண்ணாம்பு குழைத்து மூன்று பூச்சுப் பூசினேன். "இத்தனை பண்ணிட்டு போர்டோ அடிக்காம உடறதுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். அதுவும் நியாயமாகவே பட்டது. ஏக்கர் கணக்கில் அடிக்கிற ஸ்பிரேயரை ஒரு தேங்காய் அளவுக் கன்றின் மேல் திருப்பினோம். பாதி மருந்து சுவரில் விழுந்தது. அந்த நீலக் கறை இன்னும் போகவில்லை.

எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். "இனி ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் மேஸ்திரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாப்பிள்ளை மாமியாருக்கு இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை தோறும் சீலி போன் செய்வாள். என்னை விசாரிக்க ஒரு நிமிடம், செடியை விசாரிக்க ஐந்து நிமிடம். "நல்லா இருக்குது" என்பேன். செப்டம்பர் வரை அதை நம்பித்தான் சொன்னேன். அக்டோபரில் ஒருநாள் விரலால் அழுத்திப் பார்த்தபோது, கனிந்த பப்பாளியில் இறங்குவது போல விரல் உள்ளே போனது. நாற்றமும் அடித்தது. உள்ளே எல்லாம் கூழ்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கையைக் கழுவிக்கூட முடிக்கவில்லை, போன் அடித்தது.

"குருத்து ஏதாச்சும் தெரியுதுங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மூணு இலை விட்டிருக்கு சீலி" என்று வந்தது.

மறுபக்கம் சீலி மூக்கை உறிஞ்சினாள். "நொம்ப சந்தோசமுங்க" என்றாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே அதிகம் வெட்கப்படுவது அதற்குத்தான். அவளைச் சந்தோஷப்படுத்திய பொய் அது.

இப்போது எனக்கு மூன்று இலை உள்ள ஒரு சைக்கஸ் தேவை. ஏற்காட்டுக்குப் போகும் வழியில் ஒரு நர்சரி. அங்கே அதே அளவில் ஒரு கன்று கிடைத்தது, விதையிலிருந்து வளர்த்ததாம். ஆனால் பத்து இலையோடு ஜம்மென்று நின்றது. வாங்கிய கையோடு நர்சரிக்காரம்மாவிடம் ஒரு கத்தரி கேட்டேன்.

"எதுக்குங்க?"

"ஏழு இலையை வெட்டணும்."

"நல்ல எலைங்களே. அந்த எலைக்காகத்தானுங்க எல்லாரும் வாங்கறாங்க."

"எங்க வீட்டுல மூணுதான் வேணும்னாங்க."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சுற்றுலா வந்தவன் என்றால் இப்படி இருப்பான் என்று விட்டிருப்பார். உள்ளூர் ஆள் என்பதால்தான் கவலைப்பட்டார். "ஊட்டுல யாராச்சும் கூட வந்திருக்காங்களா, சாமி?" என்று குழந்தையைக் கேட்பது போலக் கேட்டு, கத்தரியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஏழு இலையையும் வெட்டினேன்.

செத்த கன்றைத் தூக்கி எறியக் கை வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் வைத்து, மேலே சருகைப் போட்டு மூடினேன். புதிய கன்றை அதே தொட்டியில் நட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் சீலி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே தொட்டிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு இலையாகத் தொட்டாள். தண்டைத் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க" என்றாள். பிறகு, "இனிமே நான் பாத்துக்கறனுங்க" என்றாள்.

தப்பித்தோம் என்று நினைத்தேன், ஆனால் நிம்மதி வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் சொன்னேன். செடியைக் கொன்றதைப் பாவமாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பொய்யைப் பற்றி மட்டும், "ஊட்டுக்காரம்மாகிட்ட சொல்லிருங்க" என்றார். அதைத் தவிர வேறு எந்தப் பரிகாரம் கொடுத்திருந்தாலும் செய்திருப்பேன்.

அதன் பிறகு அந்தத் தொட்டிக்கு இரண்டு முழத்துக்குள் நான் போனதில்லை. அதைத் தொட்டால் எதையாவது உளறிவிடுவேனோ என்று பயம். தண்ணீர் ஊற்றவில்லை, தோண்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செடி என்னடாவென்றால் பிய்த்துக்கொண்டு வளர்ந்தது. தொட்டி மாறி, சிமெண்ட் தொட்டியாகி, கடைசியில் வாசலில் மண்ணிலேயே இறங்கி, இடுப்பளவு உயரம் வந்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் "எங்க மாமியார் செடி" என்று நான் சொல்லுவேன், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதை நிரூபிக்கிற மாதிரி, யாரும் கேட்காமலே சொல்லுவேன். எங்கள் மகள் நிவேதா அதை அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, என்றுதான் கூப்பிடுவாள். சீலி மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வாசலில் நிற்கிற செடி என்ற அர்த்தத்தில் "வாசச் செடி" என்பாள். அதை நான் கவனித்ததில்லை.

போன சித்திரையில் செடியின் நடுவிலிருந்து ஏதோ கிளம்பியது. இலை இல்லை. வெளிர்மஞ்சளாக, பெரிய சோளக் கருது மாதிரி, நட்டுக்குத்தலாக ஒரு முழ உயரத்துக்கு நின்றது. நிவேதா போனில் படம் எடுத்துப்போட்டு என்னவோ தேடினாள். எல்லோரும் வாசலில்தான் இருந்தோம், காலைச் சாப்பாட்டு நேரம்.

"அப்பா, அம்மாயி ஆம்பளையாமா."

"என்ன கண்ணு சொல்ற?"

"சைக்கஸ்ல ஆண் மரம் தனி, பெண் மரம் தனியாம். இந்த மாதிரி கருது வந்தா ஆணாம்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீலி நிதானமாகத் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கம்மா மரம் காய்க்கற மரமுங்க. நடுவுல கூடு மாதிரி வெச்சு, செவப்பு செவப்பாக் கொட்டை வரும். பக்கக்கன்னு தாயாட்டமேதான் இருக்கும், மாறாது."

பதினான்கு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த சமாதானங்களையெல்லாம் அப்படியே தட்டோரம் ஒதுக்கினேன். "உனக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்த அன்னிக்கே. மூணு எலை விட்ட செடியில ஏழு எலை வெட்டுன காம்பு எப்படீங்க இருக்கும்? பச்சையா வேற இருந்துச்சு."

நிவேதா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பழசு?" என்றேன்.

"மூணாம் நாள் பின்னால துணி காயப்போடப் போனப்ப பாத்தனுங்க. சருகுக்கு அடியில வெள்ளையும் நீலமுமாக் கெடந்துச்சு. எடுத்துட்டுப் போயி எங்கம்மா கல்லறையில, தலைமாட்டுல பொதைச்சுட்டேன். அங்கயே ஒக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் வந்தேன்."

அந்த நாளை யோசித்துப் பார்த்தேன். டிசம்பர் முதல் வாரம், பழம் பறிப்பு தொடங்கிய சமயம். நான் காட்டில் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பாள். முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. மண்ணுக்குள் இருக்கும் வேரைத் தோண்டித் தோண்டிப் பார்த்தவனுக்கு, எதிரில் உட்கார்ந்திருந்தவள் அழுதுவிட்டு வந்தது தெரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினான்கு வருஷம் தாமதமாகக் கேட்கிற மன்னிப்பு அசடு வழியத்தான் செய்யும். இருந்தாலும் கேட்டேன்.

"அன்னிக்கே என்னைத் திட்டியிருக்கலாமே சீலி. ஏன் ஒண்ணும் சொல்லலை?"

அவள் என்னைப் பார்த்தாள். தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

"சொல்லியிருந்தா, பண்ணுன தப்புக்குப் பரிகாரமா இதையும் நீங்க பாத்துக்க ஆரம்பிச்சிருப்பீங்க. பயந்துட்டுக் கிட்ட வராம இருந்தீங்க. சரி, அப்படியே இருக்கட்டும், இதாவது பொழைக்கட்டும்னு உட்டுட்டனுங்க."

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று எல்லா ஊரிலும் பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது நடந்தேவிட்டது. நிவேதா அன்றைக்கே செடியின் பெயரை அம்மாயியிலிருந்து சித்தப்பா என்று மாற்றி, சேலத்திலிருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கருதின் படத்தோடு செய்தி அனுப்பிவிட்டாள். இப்போது யார் மலையேறி வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே, "சித்தப்பா சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

சீலி சமையலறையிலிருந்தே பதில் சொல்லிவிடுகிறாள். "இவரு கிட்ட போகாத வரைக்கும் அவருக்கென்னங்க, நல்லாத்தான் இருப்பாரு."